பழைய என்ஃபீல்டு துப்பாக்கி: வீட்டுப் பட்டறையில் கழற்றுதல், சுத்தம் செய்தல், காத்தல்

1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிள் மஸ்கட், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் படையின் கையில் இருந்த முக்கிய ஆயுதம். கிரீமியப் போரிலும், 1857-இல் இந்தியாவில் எழுந்த சிப்பாய்க் கிளர்ச்சியிலும், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பிலும் அது பயன்பட்டது. இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையிலும், பர்மிங்காம், லண்டன் நகரங்களின் தனியார் பட்டறைகளிலும் பெரும் எண்ணிக்கையில் தயாரானதால், ஏலங்களிலும் பழைய குடும்பச் சொத்துகளிலும் இன்றும் கிடைக்கிறது. பல துப்பாக்கிகள் துருவேறி, எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, திருகாணிகள் இறுகிய நிலையில்தான் கைக்கு வருகின்றன.

அப்படி வந்த ஒன்றை மேலும் கெடாமல் நிறுத்தி வைக்கும் வேலையை இந்த அத்தியாயம் விளக்குகிறது. சுடும் நிலைக்குக் கொண்டுவருவது இதன் நோக்கமல்ல. வேலை முழுவதற்கும் அடிப்படை விதி ஒன்றே: எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. தேய்த்து நீக்கிய முத்திரையும், உப்புத்தாளில் போன மரத்தின் கூர்விளிம்பும், அமிலத்தில் கரைந்த மெருகும் மீளா. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் மிகக் குறைந்த செயலே சரியான செயல்.

துப்பாக்கியை அடையாளம் காணுதல்

முழு நீளம் 55 அங்குலம், ஏறத்தாழ 140 செ.மீ. குழல் 39 அங்குலம், உள்துளை 0.577 அங்குலம், எடை சுமார் 4.3 கிலோ. வால்நட் மரக்கட்டையோடு குழலை மூன்று இரும்புப் பூண்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. விசைக்காப்பு, அடித்தகடு, முனைமூடி ஆகிய மூன்றும் பித்தளை.

வலப்பக்கம் பதிந்திருக்கும் இயக்கப் பெட்டியே லாக். அதன் வெளியே நிற்கும் குதிரை முன்னோக்கி விழுந்து, குழலின் பின்முனையில் திருகியுள்ள நிப்பிள் என்ற சிறு குழாயின் மேலுள்ள கேப்பை, அதாவது அடித்தால் வெடிக்கும் சிறு மூடியை, அடிக்கிறது. குதிரைக்கு மூன்று நிலைகள் உண்டு: கீழே இறங்கிய நிலை, அரை நிலை, முழு நிலை.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

- லாக் தகட்டில் கிரீடம், ஆண்டு, ‘என்ஃபீல்டு’ அல்லது ‘டவர்’ என்ற ஆங்கில எழுத்துப் பொறிப்பு.
- குழலின் பின்பகுதியில் சோதனை முத்திரைகள்.
- கட்டையின் வலப்பக்கம், அடித்தகட்டுக்கு அருகே வட்ட முத்திரை.
- குழலுக்குள் மூன்று சுருள்காடிகள். காடியே இல்லாமல் வழவழப்பாக, துளையும் அகலமாக இருந்தால், 1857-க்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென மாற்றி அமைக்கப்பட்ட வகையாக இருக்கலாம்.
- தேவநாகரி எழுத்தோ எண்ணோ இருந்தால், நேபாளப் படையில் பயன்பட்ட அல்லது நேபாளத்திலேயே தயாரான நகலாக இருக்கக்கூடும்.

எந்தத் தொழிற்சாலையில் தயாரானது என்பது கழற்றும் வேலைக்கும் தேவைப்படும் செய்தி. என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை 1850-களின் பிற்பகுதியில் அமெரிக்க இயந்திரங்களைக் கொண்டு, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய பாகங்களைச் செய்யத் தொடங்கியது. பர்மிங்காம், லண்டன் பட்டறைத் துப்பாக்கிகளில் ஒவ்வொரு பாகமும் கையால் அரம் போட்டு அதனதன் இடத்துக்கே பொருத்தப்பட்டது. அவற்றின் திருகாணிகள் இடம் மாறினால் பொருந்தா.

சட்டம்: தொடுவதற்கு முன்

வீட்டில் வைத்திருப்பதே சட்டத்துக்கு உட்பட்டதா என்பதை உறுதிசெய்யாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

- இந்தியா: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழம் மாதிரியைச் சேர்ந்த, தொல்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடப் பயன்படாததாக இருக்க வேண்டும். சுடக்கூடிய நிலையில் உள்ளதற்கு உரிமம் தேவை. அதே சட்டம் உரிமமின்றி ஆயுதங்களைப் பழுது பார்ப்பதையும் தடுக்கிறது. எனவே மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகத் தெளிவு பெற்ற பிறகே கழற்ற வேண்டும். 100 ஆண்டு கடந்த பொருள் என்பதால் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் பொருந்தும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.
- பிரிட்டன்: 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் பழங்காலத் துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது. சுட நினைத்தால் விலக்கு பொருந்தாது.
- அமெரிக்கா: 1898-இலோ அதற்கு முன்போ தயாரானவை கூட்டாட்சிச் சட்டத்தில் பழங்காலப் பொருள். மாநிலச் சட்டங்கள் வேறுபடும்.

மற்ற நாடுகளில் வாழ்பவர்கள் அந்தந்த நாட்டுக் காவல்துறையிடம் கேட்டறிய வேண்டும்.

முதல் சோதனை: குழலில் மருந்து உண்டா?

வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளில் குழலுக்குள் தங்கிய பழைய மருந்தே மிகப் பெரிய ஆபத்து. உலர்ந்த நிலையில் இருந்தால் கருமருந்து 150 ஆண்டு கடந்தும் தீப்பிடிக்கும் ஆற்றலோடு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மருந்து இருப்பது தெரியாது. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கப்பட்ட சுமார் 27,500 துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 மருந்திட்டபடியே கிடந்தன. அவற்றில் பலவற்றில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல தோட்டாக்கள் இருந்தன. எனவே ஒவ்வொரு பழைய துப்பாக்கியும், சோதித்துப் பார்க்கும் வரை, மருந்திட்டதாகவே கருதப்பட வேண்டும்.

1. குழலின் வாயை ஆளில்லாத, பாதுகாப்பான திசையில் வைக்க வேண்டும். சோதனை முடியும் வரை வாய்க்கு நேரே முகமோ கையோ வரக் கூடாது.
2. நிப்பிளின் மேல் கேப் இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். இருந்தால் குதிரையைத் தொடாமல் அங்கேயே நிறுத்த வேண்டும்.
3. சுமார் 10 மி.மீ. தடிமனும் 120 செ.மீ. நீளமும் உள்ள மரக்கோலைக் குழலுக்குள் மெல்ல இறக்க வேண்டும். இரும்புக் கம்பி ஆகாது. இடிக்கவும் கூடாது.
4. கோல் நின்ற இடத்தில், குழலின் வாயை ஒட்டிக் கோலின் மேல் பென்சிலால் கோடு போட வேண்டும்.
5. கோலை எடுத்து, கோடு குழலின் வாயோடு ஒத்திருக்கும்படி வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோலின் முனை நிப்பிள் இருக்கும் இடம் வரை எட்டினால் குழல் காலி.
6. முனை அதற்கு முன்பே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. முறைப்படியான ஒரு தோட்டாவும் அதன் மருந்தும் சேர்ந்து ஏறக்குறைய 5 செ.மீ. இடத்தை அடைக்கும். குப்பையோ பூச்சிக்கூடோ இருந்தாலும் இதே போலத்தான் தெரியும். எதுவென்று ஊகிக்காமல் மருந்து என்றே கொள்ள வேண்டும்.

அடைப்பு தெரிந்தால் வீட்டு வேலை அங்கே முடிகிறது. துளையிடுவது, சூடாக்குவது, நிப்பிளைக் கழற்றிக் குத்துவது ஆகிய எதையும் செய்யலாகாது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் படுக்கவைத்து, காவல்துறைக்கோ உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

தேவையான கருவிகள்

- இணையான பக்கங்கள் உள்ள முனையுடைய திருப்புளிகள். பழைய திருகாணிகளின் காடி ஒடுக்கமானது. ஆப்பு வடிவில் சாய்ந்த சாதாரண முனை காடியின் மேல்விளிம்பை மட்டுமே பிடித்து, வழுக்கி, அதைச் சிதைத்துவிடும். முனையை அரத்தால் தேய்த்து, காடியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் சரியாக அமைத்துக்கொள்வது நல்லது.
- சிறிய மரச்சுத்தி அல்லது தோல் சுற்றிய சுத்தி.
- பித்தளைத் தகட்டுத் துண்டுகள், மூங்கில் குச்சிகள், பழைய பல்துலக்கிகள்.
- வெண்கலப் பஞ்சு, அல்லது மிக மெல்லிய நான்கு பூஜ்யத் தர ஸ்டீல் உல்.
- இறுக்கம் தளர்த்தும் ஊடுருவு எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், மினரல் டர்பெண்டைன்.
- நுண்படிக மெழுகு. அருங்காட்சியகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ரினையசன்ஸ் மெழுகு இந்த வகை; 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவானது.
- நைட்ரைல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, தூசுமுகமூடி.
- மடித்த போர்வை விரித்த மேசை, சிறு பெட்டிகள், பெயர் எழுதும் சீட்டுகள்.

பாதுகாப்பு: குழலுக்குள் ஈயப் படிவு இருக்கலாம், நிப்பிளைச் சுற்றிப் பழைய கேப்பின் பாதரச எச்சம் இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடுவதும், வேலைக்கு நடுவே சாப்பிடுவதும் கூடாது. டர்பெண்டைன் பயன்படுத்தும் அறையில் சன்னல் திறந்திருக்க வேண்டும்; அடுப்போ பீடி சிகரெட்டோ அருகில் இருக்கக் கூடாது.

பதிவு செய்தல்

ஒரு திருகாணியைத் தொடுவதற்கு முன்பே, துப்பாக்கியின் இரு பக்கங்களும், எல்லா முத்திரைகளும், எல்லாத் திருகாணித் தலைகளும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுக்கப்பட வேண்டும். சாய்வாக விழும் ஒளியில்தான் தேய்ந்த முத்திரை தெரியும். படைவீரர் கத்தியால் கீறிய பெயரெழுத்தும் கட்டையின் மேல் இருக்கக்கூடும். அது பழுதல்ல, துப்பாக்கியின் வரலாறு.

தடித்த அட்டையில் துப்பாக்கியின் உருவை வரைந்து, அதில் துளையிட்டு, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் குத்தி வைப்பது எளிய, பிசகாத முறை.

கழற்றும் வரிசை

1. இடிகம்பி: குழலின் அடியிலுள்ள இடிகம்பியை நேராக வெளியே இழுக்க வேண்டும். இறுகியிருந்தால் அதன் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒருநாள் விட வேண்டும். குறட்டால் பிடித்து முறுக்கினால் தலை சிதையும்.
2. குதிரையை அரை நிலைக்கு: ஒரு ‘கிளிக்’ ஒலி கேட்கும் வரை குதிரையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் லாக் வெளியே வரும்போது குதிரை நிப்பிளில் இடித்துக்கொள்ளும்.
3. வால் திருகாணி: குழலின் பின்முனை நாக்கைக் கட்டையோடு இணைக்கும் திருகாணியைக் கழற்ற வேண்டும்.
4. லாக்: இடப்பக்கத்தில் உள்ள இரு திருகாணிகளையும் முழுதாகக் கழற்றாமல், நான்கைந்து சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். பிறகு அவற்றின் தலைகளை மரச்சுத்தியால் மாறி மாறி மெல்லத் தட்டினால், லாக் வலப்பக்கம் சீராக வெளியேறும். அதன் பிறகே திருகாணிகளை முழுதாக எடுக்க வேண்டும்.
5. பூண்கள்: மேல்பூண், நடுப்பூண், கீழ்ப்பூண் என்ற வரிசையில் திருகாணிகளைத் தளர்த்தி, குழலின் வாய்ப்பக்கமாக நகர்த்தி எடுக்க வேண்டும். பல துப்பாக்கிகளில் பூண் திருகாணியின் முனையில், அது கழன்று தொலையாமல் இருக்கச் சிறு வளையம் இருக்கும். முழுதாகக் கழற்ற முயன்றால் அது உடையும். பூண் நகரும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். பூண் முன்குறியைக் கடக்கும்போது உரசாமல் பார்க்க வேண்டும்.
6. குழல்: துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு கையால் கட்டையையும் மறு கையால் குழலையும் தாங்கி, வாய்ப்பக்கம் முதலில் பிரியுமாறு குழலைக் கையில் இறங்கவிட வேண்டும். இடையில் திருப்புளியை விட்டு நெம்பினால் கட்டையின் மெல்லிய விளிம்பு பிளக்கும்.

இதோடு கழற்றுவது போதும். முனைமூடி, அடித்தகடு, விசைக்காப்பு ஆகியவற்றின் அடியில் துரு பரவுவதாகத் தெரிந்தால் ஒழிய அவற்றை அசைக்க வேண்டாம்.

கழற்றவே கூடாதவை

- பின்மூடித் திருகு: குழலின் பின்முனையை அடைக்கும் இது பெரும் இறுக்கத்தில் இருக்கும். வீட்டு வைஸில் பிடித்துத் திருகினால் குழல் முறுக்கேறும்.
- பின்குறியின் அடிப்பகுதி: சாலிடர் வைத்துப் பொருத்தியது.
- இறுகிய நிப்பிள்: தகுந்த சாவியோடு, எண்ணெய் விட்டுப் பல நாள் ஊறிய பிறகும் அசையாவிட்டால் விட்டுவிட வேண்டும். வேகம் கொடுத்தால் அது மரையோடு முறியும்.

இறுகிய திருகாணி: பொறுமையே கருவி

1. காடியில் உள்ள அழுக்கை ஊசியால் முழுதும் எடுக்க வேண்டும். காடி பாதி அடைந்திருந்தால் திருப்புளி நிச்சயம் வழுக்கும்.
2. தலையைச் சுற்றி ஒரு சொட்டு ஊடுருவு எண்ணெய் விட்டு ஒருநாள் காக்க வேண்டும். மரத்துக்குள் செல்லும் திருகாணிக்கு எண்ணெய் ஆகாது; மரம் கறுத்து மெலியும்.
3. பொருந்திய திருப்புளியைக் காடியில் நேராக வைத்து, அதன் பிடியை மரச்சுத்தியால் மெல்ல நான்கைந்து முறை தட்ட வேண்டும். அதிர்வில் துருப்பிடி விடும்.
4. முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு திருப்பி, பிறகு தளர்த்தும் திசையில் திருப்ப வேண்டும்.
5. அசையாவிட்டால் மீண்டும் எண்ணெய், மீண்டும் ஒருநாள்.

தீச்சுடர் காட்டிச் சூடாக்குவது மிகப் பரவலான தவறு. கடினப்படுத்திய இரும்பின் நிறமும் வலுவும் போகும். அருகில் உள்ள மரமும் கருகும்.

இரும்பு: எது துரு, எது படலம்?

புதிதாக வந்தபோது இந்தத் துப்பாக்கியின் குழலில் நீலக்கறுப்பு மெருகு இருந்தது. 150 ஆண்டுக்கு மேலான கைபடலில் அது பல இடங்களில் அடர்பழுப்பாக மாறியிருக்கும். வழவழப்பாக, விரலில் ஒட்டாமல் இருக்கும் இந்தப் பழுப்புப் படலம் இரும்பைக் காக்கிறது. அதை எடுக்கக் கூடாது. செம்மஞ்சள் நிறத்தில், பொடியாக, விரலில் ஒட்டும் துருவே இரும்பைத் தின்கிறது. வேலை அதனோடு மட்டும்.

1. உலர்ந்த பல்துலக்கியால் தளர்ந்த தூசியைத் தட்ட வேண்டும்.
2. துருவுள்ள இடத்தில் தையல் மெஷின் எண்ணெயைத் தடவி, ஒரு முழு நாள் ஊறவிட வேண்டும்.
3. பித்தளைத் தகட்டின் விளிம்பை மிகச் சாய்வாகப் பிடித்து, துருமேட்டை மட்டும் சீவ வேண்டும். பித்தளை இரும்பைவிட மென்மையானது. ஆகவே நல்ல பரப்பில் கீறல் விழாது.
4. வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் படிந்த எண்ணெயின் நிறத்தைப் பார்க்க வேண்டும். செங்காவி நிறத்தில் குழம்பாக வந்தால் துரு இன்னும் இருக்கிறது. புது எண்ணெயோடு மீண்டும் ஊறவைக்க வேண்டும். மங்கிய பழுப்பாக, வெறும் எண்ணெயாக வந்தால் அங்கே நிறுத்த வேண்டும்.
5. பிடிவாதமான இடத்தில் மட்டும், எண்ணெயில் நனைத்த வெண்கலப் பஞ்சால் குழலின் நீளவாட்டில் மெல்லத் தேய்க்கலாம். முத்திரைகளின் மேல் பஞ்சு படக் கூடாது. அங்கே மூங்கில் குச்சியே போதும்.
6. மினரல் டர்பெண்டைன் நனைத்த துணியால் எண்ணெயை முழுதும் துடைத்து, ஒரு மணி நேரம் உலரவிட வேண்டும்.
7. நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, சில நிமிடம் கழித்து மென்துணியால் மெருகிட வேண்டும்.

நிப்பிளைச் சுற்றியுள்ள இரும்பில் சிறு குழிகளும், அதன் பின்னால் மரம் கருகித் தேய்ந்த பள்ளமும் பெரும்பாலும் காணப்படும். கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்த பின் உப்பாகப் படிந்து ஈரத்தை இழுத்ததன் விளைவு அது. துப்பாக்கி உண்மையில் சுடப் பயன்பட்டதற்கு அதுவே சான்று. குழிக்குள் உள்ள பொடித்துருவைக் குச்சியால் எடுத்து மெழுகிட்டால் போதும். குழியை நிரப்பவோ தேய்த்துச் சமன்செய்யவோ கூடாது.

தவிர்க்க வேண்டியவை

- மோட்டாரில் சுழலும் கம்பிப் பிரஷ், பாலிஷ் சக்கரம், எமரித்தாள்: முத்திரைகளை ஒரே நிமிடத்தில் அழித்துவிடும்.
- வினிகர், எலுமிச்சை, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி: துருவோடு மெருகையும் பழமைப் படலத்தையும் கரைத்து, இரும்பைச் சாம்பல் நிறமாக்கும்.
- மின்பகுப்பு முறை: மண்ணில் புதைந்து கிடைத்த பொருளுக்கு வல்லுநர் கையாளும் முறை, மெருகு மிஞ்சியிருக்கும் துப்பாக்கிக்கு உதவாது.
- புதிய நீலமெருகு: பழமையை மறைத்து மதிப்பைக் குறைக்கும்.

குழலின் உள்ளே

கருமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்துளையில் அது மிஞ்சியிருந்தால், வெளியே எவ்வளவு மெழுகிட்டாலும் உள்ளே அரிப்பு நிற்காது.

1. குழலைக் கட்டையிலிருந்து பிரித்த பிறகே உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கெண்ணெய் மரத்தில் இறங்காமல் இருக்க இதுவே வழி.
2. மரக்கோல் அல்லது பித்தளைக் கம்பியின் முனையில் பருத்தித் துணியைக் கட்டி, எண்ணெயில் நனைத்து, வாய் முதல் அடி வரை ஓட்ட வேண்டும். கம்பி குழல்வாயின் விளிம்பில் உரசாமல் மையத்தில் செல்ல வேண்டும். காடிகள் முதலில் தேய்வது அங்கேதான்.
3. ஒருநாள் ஊறவிட்டு, பொருத்தமான அளவுள்ள வெண்கலப் பிரஷை மெல்லச் செலுத்த வேண்டும். பிரஷை நடுவில் திருப்பி இழுத்தால் சிக்கிக்கொள்ளும். முழு நீளமும் சென்றே திரும்ப வேண்டும்.
4. துணி ஓரளவு சுத்தமாக வரும் வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பளபளப்பு இலக்கல்ல.
5. கடைசியில் உலர்துணி, அதன் பின் மிக மெல்லிய எண்ணெய்ப்பூச்சு.

லாக்

லாக்கைப் பிரிக்காமலேயே பெரும்பாலும் சுத்தம் செய்யலாம். மினரல் டர்பெண்டைனில் நனைத்த பல்துலக்கியால் பழைய பிசுக்கைக் கரைத்து, துடைத்து, அசையும் இடங்களில் ஊசிமுனையால் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

உள்ளே துரு பரவி, குதிரை சீராக அசையாவிட்டால் மட்டுமே பிரிக்க வேண்டும். அங்கே ஆபத்தானது முதன்மை ஸ்பிரிங். அதைக் குறட்டால் பிடுங்குவதே பலரும் செய்யும் தவறு. ஸ்பிரிங் முறியும், அல்லது துள்ளிக் கண்ணில் பாயும். கண்ணாடி அணியாமல் இதைத் தொடக் கூடாது.

1. குதிரையை முழு நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.
2. ஸ்பிரிங்கின் இரு கைகளையும் அதற்கென உள்ள ஸ்பிரிங் வைஸால் மெல்லப் பிடிக்க வேண்டும். தேவைக்கு மேல் இறுக்கினால் ஒடியும்.
3. குதிரையைக் கையால் தாங்கியபடி கீழே இறக்கினால் ஸ்பிரிங்கின் பளு வைஸுக்கு மாறும்; பிறகு ஸ்பிரிங்கை எடுத்துவிடலாம்.
4. அடுத்து, விசையோடு சேர்ந்து இயங்கும் தடைநாக்கின் சிறு ஸ்பிரிங், பின் தடைநாக்கு, பின் பாலத்தகடு என்ற வரிசை.
5. குதிரையின் நடுத்திருகாணியை எடுத்து, மென்மையான பித்தளைக் கம்பியால் அச்சைத் தட்டிக் குதிரையைப் பிரிக்க வேண்டும்.

அரை நிலையையும் முழு நிலையையும் தாங்கும் வெட்டுகளில் அரம் படவே கூடாது. அவை தேய்ந்திருந்தால் குதிரை தானாக விழும். அதைச் சரிசெய்வது தேர்ந்த கம்மியரின் வேலை.

குறிப்பு: வெறும் நிப்பிளின் மேல் குதிரையை விழவிட்டுப் பார்க்கக் கூடாது. நிப்பிளின் வாய் நசுங்கும். விசையை அழுத்தும்போது குதிரையைக் கட்டைவிரலால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும்.

மரக்கட்டை

மரத்தில் உப்புத்தாள் படக் கூடாது என்பதே முதல் விதியும் கடைசி விதியும். லாக்கைச் சுற்றியுள்ள சமதளத்தின் கூர்விளிம்பு, முத்திரை, இரும்பும் மரமும் ஒரே மட்டத்தில் சேரும் பொருத்தம் ஆகியவையே கட்டையின் மதிப்பு. தேய்த்த கட்டையில் இரும்பு மேலே துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தவுடன் தெரியும்.

1. உலர்துணியால் தூசி போக்க வேண்டும்.
2. மென்சோப்பு கலந்த வெதுநீரில் துணியை நனைத்து, இறுகப் பிழிந்து, சிறுசிறு இடமாகத் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். நீர் மரத்தில் தங்கக் கூடாது.
3. எண்ணெய்ப்பிசுக்கு கெட்டியாக இருந்தால் மினரல் டர்பெண்டைனைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். பழைய மெருகு துணியில் வரத் தொடங்கினால் நிறுத்த வேண்டும்.
4. முழுதும் உலர்ந்த பின் மெழுகு பூசி மெருகிட வேண்டும்.

வறண்டு வெளுத்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுவது பழைய படைவழக்கம். ஒருமுறை மிக மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் கேடில்லை. மீண்டும் மீண்டும் தடவினால் அது இறுகி, கறுத்து, பின்னர் எடுக்க முடியாத தோலாகிவிடும்.

தீ ஆபத்து: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், எண்ணெய் உலரும்போது உண்டாகும் வெப்பத்தில் அது தானாகவே தீப்பிடிக்கும். துணியை வெளியில் விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது நீர் நிறைத்த தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

லாக்கின் பின்புறத்திலும் கைப்பிடி ஒடுங்கும் இடத்திலும் மயிரிழை விரிசல்கள் வழக்கம். விரியாமல் நிற்கும் விரிசலை அப்படியே விடலாம். அசையும் விரிசலுக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசை ஏற்றது; பின்னாளில் வெதுநீரால் இளக்கிப் பிரிக்கலாம். எபாக்சி பசையைப் பிரிக்க முடியாது.

பித்தளை

பித்தளையில் படிந்த மங்கிய தேன்நிறம் அப்படியே இருக்க வேண்டும். கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷ், முத்திரையைத் தேய்ப்பதோடு, மரமும் பித்தளையும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடியாகத் தங்கிவிடும். ஓரங்களில் பச்சையாகத் திரண்ட களிம்பை மட்டும் மூங்கில் குச்சியால் எடுத்து, டர்பெண்டைனால் துடைத்து, மெழுகிட வேண்டும்.

மீண்டும் பூட்டுதல்

கழற்றிய வரிசையின் நேர் எதிர்வரிசையே பூட்டும் வரிசை.

1. கட்டையின் உட்குழிவில் தூசியோ நூலோ இல்லையென்று பார்த்து, குழலின் அடிப்பக்கத்துக்கு மெழுகிட்டு, பின்முனை முதலில் அமருமாறு இறக்க வேண்டும்.
2. கீழ்ப்பூண், நடுப்பூண், மேல்பூண் ஆகியவற்றை அதனதன் பழைய தடத்தில் நிறுத்த வேண்டும்.
3. குதிரை அரை நிலையில் இருக்க, லாக்கைக் கை அழுத்தத்தாலேயே குழிவில் பொருத்தி, இரு திருகாணிகளையும் மாறி மாறி இறுக்க வேண்டும்.
4. வால் திருகாணியைப் பூட்டி, இடிகம்பியைச் செருக வேண்டும்.

திருகாணி நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். பூண்களை அளவுக்கு மீறி இறுக்கினால் மழைக்காலத்தில் மரம் ஊதும்போது கட்டை பிளக்கும்.

வைக்கும் முறை

- காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் மூடிய கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் வைத்து, மாதம் ஒருமுறை உலர்த்தி மாற்ற வேண்டும்.
- தோல் உறையிலோ நுரைப்பஞ்சுப் பெட்டியிலோ வைத்தால் அவை ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றும். துவைத்த பருத்தித்துணி உறை போதும்.
- படுக்கைவாட்டில், இரண்டு மூன்று இடங்களில் தாங்கல் கொடுத்து வைக்க வேண்டும். நிறுத்தி வைப்பதானால் வாய் கீழாக. அப்போதுதான் குழலின் எண்ணெய் கட்டையின் கைப்பிடிக்குள் இறங்காது.
- வெயில் விழும் சுவரும், மழைநீர் ஊறும் வெளிச்சுவரும் ஏற்றவையல்ல.
- குழந்தைகளுக்கு எட்டாத, பூட்டிய இடமே பாதுகாப்பு.
- வெறுங்கையால் தொட்ட ஒவ்வொரு முறையும் இரும்பைத் துடைத்து வைக்க வேண்டும். வியர்வையின் உப்பு விரல்தடத்தையே துருவாகப் பதித்துவிடும்.

ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், துப்பாக்கியை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். உள்துளையில் எண்ணெய்த்துணி ஓட்டி, புதிய செம்மஞ்சள் புள்ளிகள் உண்டா என்று கவனித்து, மெழுகு மங்கிய இடத்தில் மட்டும் மீண்டும் பூச வேண்டும். செய்த ஒவ்வொரு வேலையும், பயன்படுத்திய பொருளின் பெயரும், தேதியும் பதிவேட்டில் படங்களோடு எழுதப்பட வேண்டும். துப்பாக்கி கைமாறும்போது அந்தப் பதிவேடும் அதனுடன் செல்ல வேண்டும். அடுத்துத் தொடுபவர் எதைச் செய்யலாம், எதை விடவேண்டும் என்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.